சத்தம் நின்றுபோன வண்டி

கிளாரி ப்ரூவெட்டைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் அவன் காதைப் பற்றித்தான் சொல்வார்கள். ஜாக்கி வைக்க மாட்டான், எஞ்சின் மூடியைத் திறக்க மாட்டான், வண்டி பட்டறைக்குள் நுழைவதற்கு முன்பே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான் என்பார்கள். இருபது வருடம் அது உண்மையாகவும் இருந்தது. மாடு ஏற்றி வரும் லாரி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதே, டீயைக் கீழே வைத்துவிட்டு, "பின்னாடி இடது பேரிங்" என்பான். லாரிக்காரன் வந்து இறங்கி, பின்னால் ஏதோ சத்தம் வருகிறது என்று ஆரம்பிக்கும்போது கிளாரி கையில் புது பேரிங்கோடு நிற்பான். எங்களுக்கு இதில் ஒரே பெருமை. வெளியூர்க்காரர்களிடம் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி அவனைப் பீற்றிக்கொள்வோம்.

ஆனால் அவன் எங்கள் ஊர்க்காரன் இல்லை. ஆஸ்திரேலியாவின் தெற்கே விக்டோரியா பக்கம் பால்மாடு வளர்க்கிற குடும்பம். இருபத்துநாலு வயதில் வடகோடியில் இருக்கிற கேப் யார்க் முனையைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு சிநேகிதனோடு கிளம்பி வந்தான். எங்கள் ஊர் எல்லையில் வண்டியின் ஆக்சில் முறிந்தது. மாற்று ஆக்சில் வந்து சேர ஆறு வாரம் ஆனது. அதற்குள் ஊரில் பாதிப் பேருடைய வண்டியை ரிப்பேர் பார்த்துவிட்டான். ஆக்சில் வந்ததும் மாட்டிக்கொண்டு சிநேகிதன் மட்டும் போனான். கிளாரி இன்றுவரை அந்த முனையைப் பார்த்ததில்லை. இடையில் ஐரிஸ் என்ற பள்ளிக்கூட டீச்சரைக் கட்டிக்கொண்டான். அவள் ஐந்து மழைக்காலம் தாங்கினாள், ஆறாவது வருவதற்குள் கெய்ர்ன்ஸ் நகரத்துக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு இன்னும் கேக் அனுப்புகிறாள், அதில் பாதி எனக்கு வரும்.

நான் நெட்டா. கிளாரி வயதுதான், இருவருக்கும் ஐம்பத்தொன்பது. புதன்கிழமை தோறும் தபாலும் சாமானும் ஏற்றிக்கொண்டு வடக்கே பதினொரு மாட்டுப் பண்ணைகளுக்குப் போவேன், கடைசிப் பண்ணையில் படுத்துவிட்டு வியாழக்கிழமை திரும்புவேன். நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் தார் ரோடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது ஊருக்குள் இருக்கிற அறுநூறு மீட்டர்தான். போலீஸ் ஸ்டேஷனில் ஆரம்பித்து பப் வாசலில் முடிந்துவிடும். மற்றதெல்லாம் மணல், சேறு, கல், பதினாலு ஓடை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் வண்டியின் பின் ஆக்சிலில் பூட்டு வைத்த டிஃபரன்ஷியலைப் போட்டவன் கிளாரிதான். எஞ்சின் பலத்தை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் டிஃபரன்ஷியல்; சாதாரணமானது ஒரு மடச் சாம்பிராணி. ஒரு சக்கரம் சேற்றில் வெறுமனே சுழன்றால் எஞ்சினுடைய பலத்தையெல்லாம் அதற்கே வாரிக் கொடுத்துவிட்டு, நல்ல தரையில் நிற்கிற மற்றச் சக்கரத்தைக் கண்டுகொள்ளாது. பூட்டு அப்படியில்லை. உள்ளே இரண்டு பக்கமும் பல் வைத்த வளையங்கள், அவற்றைத் தள்ளிப் பிடிக்க ஸ்பிரிங். இரண்டு சக்கரமும் சேர்ந்தேதான் தள்ளும். திருப்பத்தில் மட்டும் வெளிப்பக்கச் சக்கரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், நேரானதும் மறுபடி கடித்துக்கொள்ளும். அந்தக் கடி இருக்கிறதே, மண் ரோட்டில் தெரியாது. தார் ரோட்டில் வண்டிக்கு அடியில் எவனோ சம்மட்டியால் போட்ட மாதிரி இருக்கும்.

முதல் வருடம் வாராவாரம் அவனிடம் போய்ப் புலம்பினேன். வேட்டைத் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்றேன். அவன் அசையவே இல்லை.

"கத்துற வரைக்கும் அது உசுரோட இருக்குன்னு அர்த்தம், நெட்டா. அது பாட்டுக்குக் கத்தட்டும், நீ பாட்டுக்கு ஓட்டு."

அப்படியே பழகிவிட்டது. வியாழன் சாயங்காலம் பப் வாசலில் நான் வண்டியைத் திருப்பும்போது டமாரென்று ஒரு சத்தம் வரும். உள்ளே குடித்துக்கொண்டிருக்கிற கூட்டம் திரும்பிப் பார்த்துவிட்டு, தபால் வந்தாச்சு என்று கிளாஸைத் தூக்கும்.

போன வருடம் செப்டம்பரில் சத்தம் குறைந்தது. அக்டோபரில் நின்றே போனது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அன்றைக்கே பட்டறைக்குப் போயிருக்க வேண்டும். நானோ பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தினால் சந்தோஷப்படுகிற மாதிரி சந்தோஷப்பட்டேன். பல்லெல்லாம் நன்றாகத் தேய்ந்து ஒன்றோடொன்று ஒத்துப்போய்விட்டது என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். முட்டாள் என்று என்னைத் திட்டுவதற்கு வேறு ஆள் தேவையில்லை.

நவம்பரில் ஸ்டியரிங் படுத்த ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி வலப்பக்கம் ஒதுங்கும், காலை எடுத்தால் இடப்பக்கம் வரும். நாள் முழுக்க அதை நேராகப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை கிளாரியிடம் கொண்டுபோனேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிளாரியின் பட்டறைத் தகரச் சுவரில் நாலைந்து வருடமாக ஒரு சாக்பீஸ் தொங்குகிறது. வருகிறவர்கள் வண்டிக்கு என்ன உபத்திரவம் என்று சுவரில் எழுத வேண்டும். ஞாபக மறதி வந்துவிட்டது என்று காரணம் சொன்னான். போன் அடித்தால் எடுக்க மாட்டான். பப்பில் யாராவது ஜோக் சொன்னால் எல்லோரும் சிரித்து அரை மூச்சு கழித்துத்தான் சிரிப்பான். வண்டியில் ரேடியோவை அணைத்தே வைத்திருப்பான். நாற்பது வருடம் நட்டுக் கழற்றுகிற காற்றுத் துப்பாக்கியாலும் ஜெனரேட்டராலும் அடிவாங்கிய காது, வேறு எப்படி இருக்கும்? எங்களில் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வடக்கே எங்கள் வழக்கம் அது. பெர்ஸி என்ற கிழவனுக்குக் கை நடுங்குகிறது, அதனால் பப்பில் அவன் கிளாஸை முக்கால்தான் நிரப்புவார்கள், ஏன் என்று அவனும் கேட்க மாட்டான், அவர்களும் சொல்ல மாட்டார்கள். ரோட்டில் படுத்திருக்கிற மாட்டைச் சுற்றிக்கொண்டு போவது போல ஒருவனுடைய குறையைச் சுற்றிக்கொண்டு போய்விடுவோம். அதை நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் சுவரில் எழுதினேன்: மிதித்தால் வலது, விட்டால் இடது. கிளாரி படித்த உடனே முகம் மாறினான். பூட்டில் ஒரு பக்கம் கடிக்கவில்லையோ என்று சந்தேகம் அவனுக்கு அந்த நிமிடமே வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, மூளையில் ஒரு குறையும் இல்லை. தார் ரோட்டில் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடலாம் என்று ஏறினான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பப் வாசலில் வழக்கமான இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஆக்சிலேட்டரை அழுத்தித் திருப்பினான். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தான். தார் உடைந்த ஓரத்தில் பின்சக்கரம் ஒரு குதி குதித்து ஏறியது. அதைத் தவிர ஒன்றும் இல்லை. டயர் மணலில் உரசுகிற சத்தம் மட்டும்தான். பப்பில் இருந்த கூட்டம் அத்தனையும் திரும்பி எங்களைப் பார்த்தது. கிளாரி வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அடிச்சுதுல்ல?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறான் என்று புரிந்தது.

"ஆமா," என்றேன். தலையையும் ஆட்டினேன்.

அவன் நிம்மதியாக மூச்சுவிட்டதை நான் பார்த்தேன். பட்டறைக்குத் திரும்பி அடியில் படுத்து, பின் ஆக்சிலைப் பிடித்திருக்கிற இரும்புக் கையில் ஒரு ரப்பர் வளையம் நைந்திருப்பதைக் கண்டுபிடித்தான். அதுவும் நைந்துதான் இருந்தது. அதை மாற்றி, முன் டயர்களை இடம் மாற்றி, இனிமேல் இழுக்காது என்று அனுப்பி வைத்தான்.

ஏன் ஆமா என்றேன்? பாதி இரக்கம். உனக்குக் காது கேட்கவில்லை என்று அவன் மூஞ்சிக்கு நேரே சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. மீதிப் பாதியையும் மறைக்காமல் சொல்கிறேன். மறுநாள் புதன்கிழமை. டிஃபரன்ஷியலை இறக்கினால் சாமான் கெய்ர்ன்ஸிலிருந்து வரப் பத்து நாள் ஆகும், நான் அடுத்தவன் வண்டிக்கு அலைய வேண்டும். எனக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்துதான் அந்த ஒரு வார்த்தையாக வந்தது.

டிசம்பர் இரண்டாவது புதன் என்னோடு எல்லன் ஹாலோரன் வந்தாள். எழுபத்துநாலு வயது. ஏழாவது பண்ணைக்காரி. கெய்ர்ன்ஸில் கண்புரை ஆபரேஷன் முடித்து, காலை விமானத்தில் எங்கள் ஊரில் வந்து இறங்கியிருந்தாள். இடது கண்ணில் பிளாஸ்டிக் மூடி. இரண்டு வாரம் குனியக்கூடாது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதை வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டே வந்தாள். புரை எடுத்தாயிற்று, வீட்டுக்குப் போனால் தன் புருஷன் நினைத்ததைவிடக் கிழவனாகத் தெரிவான், அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்றாள். மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது.

ஒன்பதாவது ஓடையில் முழங்கால் அளவுத் தண்ணீர். நூறு தடவை கடந்த ஓடை. இறங்கி, குறுக்கே வந்து, அக்கரை மேட்டில் ஏறும்போது கரை அரித்து ஒரு படி மாதிரி ஆகியிருந்தது. வலது முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. பின்னால் இடதுசக்கரம் குழியில் விழுந்து சுழன்றது. அதனால் என்ன, பூட்டு இருக்கிறதே என்று மிதித்தேன். வண்டி நகரவில்லை. கதவைத் திறந்து பின்னால் எட்டிப் பார்த்தேன். வலது பின்சக்கரம் நல்ல கெட்டியான கூழாங்கல்லின்மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எஞ்சின் அலறுகிறது, அது ஒரு விரற்கடை அசையவில்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

வண்டியை இழுக்கிற வின்ச் கயிற்றை மாட்ட எட்டுகிற தூரத்தில் ஒரு மரம் இல்லை. ரேடியோவில் பண்ணையைக் கூப்பிட்டேன், டிராக்டரோடு வருகிறோம் என்றார்கள். அதற்குள் மேலே பெய்த மழை காப்பி நிறத்தில் வந்துவிட்டது. தண்ணீர் இருக்கைக்கு ஏறியதும் எல்லனைக் கூரைமேல் ஏற்றினேன். எவ்வளவு பிடித்தும் கால் வழுக்கி ஒரு தடவை மார்பளவு முங்கினாள், சேற்றுத் தண்ணீர் முகத்தில் அறைந்து கண்மூடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. டிராக்டர் வரும்வரை நாலு மணிநேரம் கூரையில் உட்கார்ந்திருந்தோம். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வெள்ளம் வந்ததற்கு நீ என்ன செய்வாய் என்று அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அது எனக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

மறுநாள் டாக்டர் விமானம் வந்து அவளைக் கொண்டுபோனது. கண்ணில் சீழ் பிடித்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண் தப்பியது. ஆனால் டாக்டர் கொடுத்த பார்வையில் பாதிதான் மிஞ்சியது.

தண்ணீர் வடிந்ததும் வண்டியை இழுத்து வந்து கிளாரி பட்டறையில் விட்டார்கள். அதற்கு முன்பே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. கிளாரி பார்த்து அனுப்பிய வண்டி இரண்டே வாரத்தில் காலை வாரிவிட்டதாம், கிளாரி முன்னைப் போல் இல்லையாம், இனி வண்டியை அவனிடம் விடுவது ஆபத்தாம். இரண்டு பண்ணை லாரிகள் அவன் வாசலைத் தாண்டிக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பட்டறைக்குப் போயின. அந்தப் பட்டறையைத் தவிர கிளாரிக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஐந்தாம் நாள் போனேன்.

பின்சக்கரம் இரண்டும் தரையைவிட்டுத் தூக்கி ஜாக்கியில் நின்றன, வண்டி கியரில் இருந்தது. என்னைக் கண்டதும் இடது சக்கரத்தை முன்னால் தள்ளி, கடித்ததும் அப்படியே பிடித்துக்கொள் என்று சைகை காட்டினான். பிடித்தேன். அவன் வலது சக்கரத்தைப் பின்னால் சுற்றினான். ஆரோக்கியமான பூட்டாக இருந்தால் பல் ஒவ்வொன்றாக விட்டு விட்டு டக்டக்கென்று வர வேண்டும். முன்னால் சுற்றினால் பிடித்து நிற்க வேண்டும். இது பின்னாலும் சுற்றியது, முன்னாலும் சுற்றியது, தடுப்பாரில்லை. கிளாரி டயரின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான்.

"கைல ஒண்ணுமே தட்டல," என்றான்.

அன்றைக்கே இறக்கிப் பிரித்தான். வலப்பக்கப் பல்லின் முனைகளெல்லாம் சப்பின மிட்டாய் மாதிரி மழுங்கியிருந்தன. அதைத் தள்ளிப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங் மூன்று துண்டாக எண்ணெய்க்குள் கிடந்தது. துண்டுகளைத் துடைத்து மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு என் வாயையே பார்த்தான். அவன் பார்ப்பது என் கண்ணை அல்ல, உதட்டை என்று அப்போதுதான் கவனித்தேன்.

"அன்னிக்கு சத்தம் வந்துச்சா நெட்டா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் ஆமான்ன?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மெதுவாக, அவன் படிக்கிற மாதிரி, உன் மனம் நோகும் என்று பயந்தேன் என்றேன். புதன்கிழமையைப் பற்றியும் சொன்னேன். அவன் ஸ்பிரிங் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, ஏதோ ஒரு வண்டியைப் பற்றிச் சொல்வது போல, கோபமே இல்லாமல் பேசினான்.

"சீட்ல ஒரு தட்டு தட்டுச்சு. அது ரோட்டு ஓரம்னு இப்பத் தெரியுது. பப்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. வழக்கமா பூட்டு அடிச்சாத்தான் திரும்புவாங்க, அதனால அடிச்சிருக்கும்னு நெனச்சேன். அடிக்கலன்னுதான் திரும்பிருக்காங்க. இருந்தாலும் எனக்கு நிச்சயமில்ல. நாலு வருஷமா எந்தச் சத்தத்தப் பத்தியும் நான் யார்கிட்டயும் கேட்டதில்ல. அன்னிக்கு உன்கிட்டதான் கேட்டேன்."

கெய்ர்ன்ஸில் கொடுத்த காது மிஷின் வால்வு நட்டுகள் இருக்கிற டப்பாவில் கிடக்கிறது, அதைப் போட்டால் கம்ப்ரஸர் மண்டைக்குள் ஓடுகிறது என்றான். பப்பில் போய் நடந்ததைச் சொல்லிவிடட்டுமா என்று நான் கேட்டேன்.

"என் காதைப் பத்தி நான் சொல்லிக்கறேன். உன் வாயைப் பத்தி நீ சொல்லிக்க."

அன்று சாயங்காலமே பப்பில் சொன்னேன். பூட்டு அடிக்கவில்லை என்று தெரிந்தும் அடித்தது என்று கிளாரியிடம் பொய் சொன்னேன், எல்லனுடைய கண்ணுக்கு வந்த கேடு என்னால், கிளாரியால் அல்ல என்றேன். அவர்களும் கிளாரி வண்டியைத் திருப்பிப் பார்த்த அன்று வாசலில் உட்கார்ந்து சத்தம் வராததைக் கவனித்தவர்கள்தானே. ஆளாளுக்குத் தன் பீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதுப் பல்லும் ஸ்பிரிங்கும் வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆனது. கிளாரி இரண்டு நாளில் மாட்டினான். ஜாக்கியில் தூக்கி, கையை வைத்து, இரண்டு பக்கமும் நாலு தடவை சோதித்தான். பிறகு வண்டியை வெளியே எடுத்தான். நான் பழக்க தோஷத்தில் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தார் ரோட்டு ஓரத்தில், மரநிழலில், தெற்கத்திப் பதிவெண் போட்ட ஒரு கேரவன் நின்றிருந்தது. வெயில் தொப்பி போட்ட ஒரு மனிதரும் அவர் மனைவியும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இறைச்சி அடைத்த பலகாரம் தின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்களாக இருக்கும். கிளாரி வண்டியை நிறுத்தி இறங்கி அவர்களிடம் நடந்தான். காது கேளாதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில், பப் வரைக்கும் எட்டுகிற மாதிரி பேசினான்.

"சார், எனக்குக் காது கேக்காது. நான் மெக்கானிக். இந்த வண்டிய அங்க திருப்பப் போறேன். அடியில டமார்னு ஒரு சத்தம் வந்தா கையத் தூக்குங்க. வரலன்னா தூக்காதீங்க. எனக்காகத் தூக்கக் கூடாது, சத்தம் வந்தாத்தான்."

அந்த மனிதர் திகைத்துப்போய்க் கையிலிருந்ததை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். பப் வாசலில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். கிளாரி வந்து ஏறினான், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து அழுத்தித் திருப்பினான். வண்டி நேரானபோது அடியில் இடி இறங்கியது போல் அடித்தது, என் பல்லெல்லாம் ஆடியது. தொப்பிக்காரர் கையை உயரத் தூக்கினார். சந்தேகம் வேண்டாம் என்றோ என்னவோ இன்னொரு கையையும் தூக்கினார். கிளாரி ஜன்னல் வழியாகக் கையசைத்து அவருக்கு நன்றி சொன்னான்.

எனக்கும் அந்தச் சத்தம் தெளிவாகத்தான் விழுந்தது. ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை, நேராகப் பட்டறைக்கு ஓட்டினான்.